புகைபோக்கி யாருக்கு?

நுவரெலியாக் காற்று நல்ல காற்று என்ற பேச்சுக்கு ஏறக்குறைய இருநூறு வயது. 1820களின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், நோயுற்ற ஆங்கிலேயப் படைவீரர்கள் உடல் தேறுவதற்கென்று அந்த மேட்டுநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்றும் ஏப்ரல் பிறந்தால் கொழும்பிலிருந்து வாகனங்கள் வரிசை கட்டி மலை ஏறுகின்றன. கந்தப்பளையைத் தாண்டி ராகலை, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவை என்று வீதி வளைந்து போகும் பக்கமெல்லாம் தேயிலையும் மரக்கறித் தோட்டமும்தான். நிலக்கரி மின்நிலையம் இல்லை, இரசாயன ஆலை இல்லை, கொழும்புக் கோட்டையின் வாகன நெரிசலும் இல்லை. இப்படிப்பட்ட ஊரை வைத்துக் காற்று மாசு பற்றி ஓர் அத்தியாயம் எழுதுவது வேண்டாத வேலை என்று தோன்றலாம். நான் சொல்ல வருவது நேர்மாறானது. வெளிக்காற்று இவ்வளவு சுத்தமாக இருக்கும் இடத்தில், ஐந்தடி உள்ளே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் அடுப்பு முன்னால் இருக்கும் காற்று, உலகின் மோசமான நகரங்களின் காற்றுக்கு ஈடாகக் கெட்டுப்போகக்கூடியது. அதை அளக்க அங்கே கருவி கிடையாது. சட்டத்தில் அதற்கு எல்லையும் கிடையாது. தீர்வைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. அதே தோட்டத்தில், அதே காலத்தில், வேறு கட்டடங்களுக்கு அது செங்கல்லால் கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

காற்றில் மிதக்கும் துகள்களை அறிவியலார் முதலில் அளவைக் கொண்டே பிரிக்கிறார்கள். 10 மைக்ரோமீற்றருக்கு உட்பட்டவை பி.எம்.10, 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்டவை பி.எம்.2.5. தலைமயிரின் தடிப்பை 70 மைக்ரோமீற்றர் என்று கொண்டால், இரண்டாவது வகையின் பெரிய துகளே அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். துகள் எதனால் ஆனது என்பதைவிட அது உடம்பில் எவ்வளவு தூரம் போகும் என்பது முதலில் தெரிய வேண்டும். அதைத் தீர்மானிப்பது அளவு. ராகலையில் இதை விளங்கிக்கொள்ள மூடுபனியே போதும். விடியற்காலையில் லயங்களுக்கு மேல் வெள்ளையாகப் படிந்து நிற்பது பனியா புகையா என்று தூரத்தில் நின்று சொல்ல முடியாது. மூடுபனியின் துளி பெரும்பாலும் 10 மைக்ரோமீற்றரையும் தாண்டியது. அது நீர்; மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும்; வெயில் ஏறினால் ஆவியாகிவிடும். விறகுப் புகையின் துகளோ பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றரிலும் சிறியது. கரியும், முழுதாக எரியாத தாரும், பென்சோபைரீன் போன்ற புற்றுநோயூக்கிகளும் சேர்ந்த பொருள் அது. வெயில் அதை ஒன்றும் செய்யாது. மழை கழுவினாலொழிய நாட்கணக்கில் மிதக்கும். போதாததற்கு, நீராவி திரண்டு துளியாவதற்கே இத்தகைய துகள்கள் கருவாகின்றன. எனவே கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பெரிய தூசியை மூக்கு மயிரும் சளியும் பிடித்துவிடும். அதையும் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் போனதை, அதன் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் சளியோடு மேல்நோக்கித் தள்ளும். இருமினால் வெளியே வந்துவிடும். பி.எம்.2.5 இந்தக் காவலைக் கடந்து நுரையீரலின் சிற்றறைகள் வரை போய்விடுகிறது. முப்பது கோடிக்கும் மேற்பட்ட இந்தச் சிற்றறைகளில், இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது மைக்ரோமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள ஒரு சவ்வு. அங்கே நுண்மயிர்கள் இல்லை. விழுங்கு கலங்கள் மட்டுமே காவல். அவை கரியை விழுங்குகின்றன. ஆனால் கரி செரிக்காது. தினமும் புகை வந்துகொண்டே இருந்தால் அந்தக் கலங்கள் சலித்து மடிந்து, அழற்சியைத் தூண்டும் பொருட்களை அவ்விடத்திலேயே கொட்டுகின்றன. அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிவு விரைகிறது. மிக நுண்ணிய துகள்களில் ஒரு பகுதி இரத்தத்திலேயே கலந்துவிடுகிறது. அதனால்தான் வீட்டுப் புகையால் நிகழும் மரணங்களின் கணக்கைப் பார்ப்பவர்கள் திகைத்துப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020இல் அப்படி இறந்தவர்கள் 32 இலட்சம் பேர். அதில் 32 சதவீதம் இதய நோய், 23 சதவீதம் பக்கவாதம். நுரையீரல் தொற்று 21, நாட்பட்ட சுவாசத்தடை நோய் 19, நுரையீரல் புற்றுநோய் 6. பாதிக்கும் மேல் இதயமும் மூளையும். அடுப்படியில் இருமாதவரைப் புகை ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணுவது அதனால் தவறு. அறுபது வயதில் மாரடைப்பால் இறந்தவரின் மரணச் சான்றிதழில் அடுப்பு இடம்பெறாது.

மலைநாட்டின் வெளிக்காற்றில் துகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏற்றத்தில் திணறும் டீசல் பஸ், குப்பை எரிப்பு, வறண்ட மாதங்களில் புல்லுக்கு வைக்கும் தீ, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் விறகுலை என்று உள்ளூர்ப் பங்கு உண்டு. பருவக்காற்று திரும்பும் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் புகையும் கடல் தாண்டி வரும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் தென்னிந்தியக் கரையை நெருங்கியபோது இலங்கை முழுவதும் வானம் மங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீடுகள் எச்சரித்தன. டிசெம்பர் 9ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. முடிவு சரியானதே. ஆனால் அன்று தோட்டப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளை எங்கே அனுப்பினோம்? வீட்டுக்கு. குளிரும் காற்றும் கூடிய ஒரு நாளில், கதவு சாத்திய காம்பராவில், விறகு எரியும் அடுப்புப் பக்கத்துக்கு. வெளியில் வரும் மாசை நாடு அறிந்துகொள்கிறது, அதற்கென்று அளவீடும் அறிவிப்பும் விடுமுறையும் இருக்கின்றன. உள்ளே இருப்பதற்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 2008இல் திருத்தப்பட்ட இலங்கையின் காற்றுத் தர விதிகள் பி.எம்.2.5க்கு ஆண்டுச் சராசரி 25 மைக்ரோகிராம், 24 மணிநேரச் சராசரி 50 மைக்ரோகிராம் என்று எல்லை வகுக்கின்றன. ஒரு கனமீற்றர் காற்றில் இருக்கும் எடை இது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை இன்னும் இறுக்கி, ஆண்டுக்கு 5, ஒரு நாளுக்கு 15 என்றது. இலங்கை விதிகளின் எல்லைகள் வெளிக்காற்றுக்கு மட்டுமே.

இனி உள்ளே போவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகில் சமைத்தன. கிராமத்து வீட்டில் அடுப்படி பெரும்பாலும் தனியே இருக்கும், அல்லது பின்பக்கம் திறந்திருக்கும். லயம் அப்படியல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு எனும் ஒரு திண்ணை, பக்கவாட்டில் அடுத்த குடும்பம். இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. பின்சுவரில் சன்னல் வைக்கக்கூட வழியில்லை. இஸ்தோப்பை அடைத்துச் சமையலுக்கு இடம் செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் காம்பராவின் மூலையே அடுப்படி. எரிப்பது சவுக்கும் யூக்கலிப்டசும், கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிவரும் தேயிலைக் குச்சிகளான மிலாறும். இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊரில் முழுதாகக் காய்ந்த விறகு அபூர்வம். ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும்; சுடர் குளிர்ந்து, எரியாத வாயுக்கள் புகையாகவே வெளியேறும். நேரமும் சாதகமாக இல்லை. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போவதற்கு முன் ரொட்டி சுட்டுத் தேநீர் வைத்துப் பிள்ளைகளை அனுப்ப, விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பி மறுபடி மூட்ட வேண்டும். இரண்டும் குளிரின் நேரம், கதவு சாத்தியிருக்கும் நேரம்.

இந்த அறையில் புகை என்னவாகும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் எட்டடி என்றால் 960 கன அடி; சுமார் 27 கனமீற்றர். திறந்த அடுப்பில் ஒரு கிலோ விறகு எரிந்தால் சில கிராம் நுண்துகள் வெளிவரும். நாம் ஒரே ஒரு கிராமை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் என்பது பத்து இலட்சம் மைக்ரோகிராம். அது முழுவதும் அறைக்குள்ளேயே தங்கினால் ஒரு கனமீற்றருக்குச் சுமார் 37,000 மைக்ரோகிராம். தகரக் கூரையின் இடுக்கும் கதவின் கீழ்ச் சந்தும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை வெளியேற்றிவிட்டதாகவே தாராளமாக வைத்துக்கொண்டாலும் 370 எஞ்சுகிறது. நாள் முழுதும் அடுப்பு எரிவதில்லையே என்று ஒருவர் கேட்பார், நியாயமான கேள்வி. நான்கு மணிநேரம் 370, மீதி இருபது மணிநேரம் மலையின் சுத்தமான காற்றில் 10 என்று போட்டால் நாளின் சராசரி 70. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்; இலங்கையின் தளர்வான எல்லையைவிடவும் அதிகம். தேயிலை மலையின் இருபது மணிநேரச் சுத்தக் காற்று நான்கு மணிநேர அடுப்பை ஈடுகட்டவில்லை என்பதே இந்தச் சிறு கணக்கின் செய்தி. குறைந்தபட்ச ஊகங்களை வைத்துப் போட்ட கணக்கு இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் புகையை முதலில் அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் அவர் இந்தியாவின் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தபோது, காற்று மாசு என்றால் ஆலைக் குழாயும் நகரத் தெருவும் என்றே உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அவர் பிற்பாடு எளிய விதியொன்றைச் சொன்னார்: வீட்டுக்குள் வெளிவிடப்படும் ஒரு கிராம் மாசு ஒரு மனித நுரையீரலை அடைவதற்கான வாய்ப்பு, வெளியில் விடப்படும் ஒரு கிராமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. எவ்வளவு புகை என்பதைவிட எங்கே புகை என்பதே முதல் கேள்வியாகிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால் ஒரு தோட்டத்தின் காட்சியே மாறிவிடும். கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் ஸ்டோரில் நாள் முழுதும் விறகு எரிகிறது. எடையில் பார்த்தால் ஒரு லயத்தின் அடுப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. ஆனால் ஸ்டோரின் புகை உயர்ந்த குழாய் வழியாக மேலே போய்க் காற்றில் கரைகிறது. அடுப்பின் புகைக்கு அடுத்த இடம் சமைப்பவரின் முகம்.

ஆகவே புகையை வெளியேற்றும் நுட்பம் தோட்டங்களுக்குத் தெரியாதது அல்ல. ஸ்டோருக்குக் குழாய் உண்டு. தேயிலையில் புகை வாசம் ஏறினால் ஏலத்தில் விலை போகாது என்பது தேயிலை தயாரிக்கும் எவருக்கும் தெரியும். துரை பங்களாவின் குளிர்காயும் கணப்புக்குச் செங்கல் புகைபோக்கி கூரைக்கு மேல் எழுந்து நிற்கிறது. ஒரே காலத்தில், ஒரே கம்பனிப் பணத்தில், சில நேரம் ஒரே கொத்தனாரின் கையால் எழுந்த கட்டடங்கள் இவை. லயத்துக் கூரை மட்டும் புகைபோக்கி இல்லாமல் நீள்கிறது. பிற்காலத்தில் சில லயங்களுக்குப் புகைபோக்கி வைத்துக் கொடுத்தார்கள் என்பதும் உண்மை, அது விதியாகவில்லை. மருத்துவத்தின் கவனமும் ஸ்டோரின் பக்கம்தான் முதலில் போனது என்பதை இடைச்செருகலாகச் சொல்லலாம். ஸ்டோரில் பறக்கும் தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவை இலங்கை நெஞ்சுநோய் மருத்துவர் சி.ஜி. ஊரகொட 1970இலேயே மருத்துவ இதழில் பதிவு செய்தார். 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களையும் ஆராய்ந்தார். மதிப்புக்குரிய வேலை அது. எனினும் தேயிலைத் தூசி பெரும்பாலும் பெருந்துகள். அதைச் சுவாசிப்பவர்கள் ஸ்டோரில் வேலை செய்யும் சிலர். அடுப்புப் புகையைச் சுவாசிப்பவர்கள் லயம் முழுவதும்.

மறுப்புகளுக்கு வருவோம். மிகப் பழையது இது: மனிதன் தீ மூட்டி இலட்சக்கணக்கான ஆண்டுகளாகிறது, பாட்டி புகையிலேயே தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார், இப்போது மட்டும் என்ன? தொண்ணூறு வரை வாழ்ந்த பாட்டி கண்முன் இருக்கிறார். ஐம்பத்தைந்தில் போன அவருடைய தங்கை பேச்சில் வருவதில்லை. நாட்பட்ட சுவாசத்தடை நோய் நாற்பது வயதுக்குப் பிறகே முகம் காட்டும் நோய். மனிதரின் சராசரி ஆயுள் முப்பதும் நாற்பதுமாக இருந்த காலங்களில் அந்த வயதைத் தாண்டியவர்களே குறைவு. தீயோடு நீண்டகாலம் வாழ்ந்ததால் நுரையீரல் பழகிவிட்டது என்பதற்கு உடற்கூற்றில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. புகைத்துகள் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் சிற்றறை வரைதான் போயிருக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தோட்டத்து மக்களின் உடல்நலக் குறைவுக்குப் புகை மட்டுமா காரணம்? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 2016ஆம் ஆண்டின் சுகாதார அளவாய்வில் நாடளாவ 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். இரத்தசோகை, குறைந்த எடையில் பிறப்பு, நெருக்கடியான குடியிருப்பு, பீடி, சாராயம் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. விறகில் சமைப்பவர்கள் ஏழைகள், ஏழைகளுக்கு நோய் அதிகம். இந்த இரண்டு உண்மைகளை மட்டும் வைத்துக்கொண்டு விறகுதான் நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டினால் அது அறிவியலாகாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கச் சரியான வழி, குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அடுப்பை மாற்றிக் கொடுத்து, பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அதைத்தான் ஹாப்பின் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோதனை செய்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகள். ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள். இந்தியப் பகுதி தமிழ்நாட்டில், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது; முன்னின்றவர்களில் ஒருவர் சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் பதினெட்டு மாதங்களுக்கு காஸும் இலவசம். கர்ப்பகாலத்தில் பெண்கள் சுவாசித்த பி.எம்.2.5 விறகுக் குழுவில் சுமார் 70, காஸ் குழுவில் 24. இவ்வளவு பெரிய இறக்கம் கிடைத்தும், 2022இல் வெளிவந்த முடிவு எல்லோரையும் ஏமாற்றியது. குழந்தைகளின் பிறப்பெடையில் வித்தியாசம் சுமார் 20 கிராம். தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. 2024இல் வெளிவந்த மறு பகுதியிலும், முதலாண்டில் கடும் நிமோனியா இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது.

இதைப் பூசி மெழுகக் கூடாது. புகையை நிறுத்தினால் பிள்ளையின் எடை கூடும், முதலாண்டு நிமோனியா குறையும் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த உறுதி இப்போது தளர்ந்திருக்கிறது. தோட்டத்துக் குழந்தைகளின் எடைக்குறைவுக்கு அடுப்பைக் காட்டிவிட்டு, தாயின் சாப்பாட்டையும் கூலியையும் பேசாமல் விடுவது இனி நேர்மையாகாது. சொல்லப்போனால் அதற்கு முன்பும் நேர்மையாக இருக்கவில்லை. அதேவேளை சோதனை எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன முடிவுகள் கர்ப்பகாலத்தையும் குழந்தையின் முதல் ஆண்டையும் பற்றியவை. அந்தக் கர்ப்பிணிகள் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்துக்குட்பட்டவர்கள்; அதற்கு முன் பல ஆண்டுகள் புகையில் இருந்தவர்கள். நாற்பதாண்டு அடுப்படியில் நின்றவருக்கு வரும் சுவாசத்தடையையும், நாடி அடைப்பையும், பக்கவாதத்தையும் பதினெட்டு மாதச் சோதனை ஒன்று அளக்க முடியாது. வீட்டுப் புகையின் மரணக் கணக்கில் முக்கால் பங்கும் இந்த நோய்களுக்குரியது என்பதை மேலே கண்டோம்.

நீண்டகாலக் கேள்விக்கு வேறிடத்தில் ஒரு பதில் இருக்கிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற மாவட்டம்; புகைக்கரி என்ற நிலக்கரியைக் குழாயில்லாத குழியடுப்பில் எரித்துச் சமைத்த மலைப்பகுதி அது. புகைபிடிக்காத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அங்கே அசாதாரணமாக அதிகம். 1970களின் நடுவிலிருந்து அங்கே பலர் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறினார்கள், எரிபொருள் மாறவில்லை. 21,000க்கும் மேற்பட்ட விவசாயிகளின் பதினாறு ஆண்டு வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளியானது. மாறியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் ஆண்களில் 41 சதவீதமும் பெண்களில் 46 சதவீதமும் குறைவு. 2005இல் வந்த அடுத்த ஆய்வு சுவாசத்தடை நோயும் குறைந்ததைக் காட்டியது. அது நிலக்கரி, இது விறகு. அங்கே குலுக்கல் இல்லை, மாறியவர்கள் சற்று வசதியானவர்களாக இருந்திருக்கலாம். இந்தக் குறைகளை ஒப்புக்கொள்கிறேன். விறகுக்கு நெருக்கமான சான்று குவாத்தமாலாவின் சான் மார்க்கோஸ் மேட்டுநிலத்தில் கிடைக்கிறது. குளிரும் உயரமும் ராகலையை ஒத்த, அதையும் மிஞ்சிய ஊர்கள். அங்கே 534 வீடுகளில் நடந்த சோதனையில் புகைபோக்கி அடுப்பு பெற்ற வீட்டுக் குழந்தைகள் சுவாசித்த காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைந்தது. மொத்த நிமோனியாவில் ஐயத்துக்கிடமில்லாத இறக்கம் இல்லை. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2011இல் வெளியான இந்த முடிவையும் ஹாப்பின் முடிவையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால், குழந்தைகளுக்கான சான்று கலவையானது, வயதுவந்தோருக்கான சான்று திடமானது என்பதே என் மதிப்பீடு.

காஸுக்கு மாறினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு 2021இன் இறுதியும் 2022உம் பதில் சொல்லிவிட்டன. 12.5 கிலோ சிலிண்டர் 2021 செப்டெம்பரில் 1,493 ரூபா, ஒக்டோபரில் 2,675, அடுத்த ஏப்ரலில் 4,860. அப்போது தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் மலை ஏற வேண்டும், சிலிண்டர் கிடைத்தால். கொழும்பிலேயே வரிசையில் நின்றவர்கள் விறகுக்குத் திரும்பினார்கள்; மலையில் அந்தத் திரும்புதலுக்குத் தேவையே இருக்கவில்லை. விலை இறங்கிய பிறகும் இன்னொன்று மிச்சம் இருக்கிறது: குளிர். தை, மாசி இரவுகளில் வெப்பநிலை பத்து பாகைக்கும் கீழே போகும் ஊரில் அடுப்பு சமைப்பதற்கு மட்டும் இல்லை. குளிர் காய்வது, நனைந்த கம்பளியையும் பள்ளிச் சீருடையையும் உலர்த்துவது, அடுத்த நாள் விறகைக் காயவைப்பது என்று எல்லாம் அதன் மேல்தான். காஸ் அடுப்பு இந்த வேலைகளில் ஒன்றையும் செய்யாது. அதனால் காஸ் வந்த வீடுகளிலும் விறகடுப்பு அணையாமல் இருப்பதை மக்களின் அறியாமை என்று விளக்குவது சோம்பேறித்தனம். 1980களில் இலங்கையில் பரப்பப்பட்ட அனகி மண்ணடுப்பு விறகைச் சிக்கனப்படுத்தியது, நல்லதே. ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. குறைந்த புகை அதே அறைக்குள் வந்தது.

புகைபோக்கிக்கும் எல்லை உண்டு. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய புகைமூட்டத்தில் நான்காயிரம் பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிந்திய மதிப்பீடு பன்னிரண்டாயிரம். அந்த நகரத்தின் ஒவ்வொரு வீட்டிலும் புகைபோக்கி இருந்தது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, வெதுவெதுப்பான காற்று அதன்மேல் மூடிபோல் நின்றுவிட்டால், குழாய் வழியே போன புகை மீண்டும் தெருவுக்கே இறங்கும். மலைப்பள்ளத்தாக்குகளில் தெளிந்த குளிர்கால இரவுகளில் இதே அடுக்கு உண்டாகும். லயங்கள் பல சரிவின் அடியில், ஓடையை ஒட்டியே கட்டப்பட்டவை. பன்னிரண்டு காம்பராவும் ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டினால் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டின் காற்று. ஆகையால் கூரைக்கு அரையடி மேலே முடியும் குழாய் பாதி வேலையே செய்யும். கூரை முகட்டைத் தாண்டி எழ வேண்டும், மழைக்குத் தொப்பி வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது கரி சுரண்ட வேண்டும். இருந்தாலும் இலண்டனில் எண்பது இலட்சம் பேர் நிலக்கரி எரித்தார்கள். ராகலையைச் சுற்றிய சரிவுகளில் குடியிருப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. ஸ்மித்தின் ஆயிரம் மடங்கு இங்கே நூறு மடங்காகச் சுருங்கினாலும் ஆதாயம் சிறியதல்ல.

காம்பராவில் வாழ்பவர் இதைத் தாமே செய்துகொள்ள முடியாதா? கொஞ்சம் சீமெந்தும் ஒரு தகரக் குழாயும்தானே. முடியாததற்குக் காரணம் செலவைவிட உரிமை. லயம் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. கூரையைத் துளைக்கவும் சுவரை உடைக்கவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து இறந்தவர்களுக்கு அதன் கூரையில் ஒரு துளை போடும் அதிகாரம் இல்லை. நுண்துகள் பற்றிய ஓர் அத்தியாயம் நிலவுரிமையில் வந்து முடிவது விஷயத்தை விட்டு விலகுவதாகப் படலாம். ஆனால் புகை எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அதைச் சுவாசிப்பவராக இல்லாத வரை இரண்டும் ஒரே விஷயம்தான்.

இப்போது லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்பு அறிவிக்கப்பட்ட நான்காயிரத்தோடு மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி. பெயரில் நிலமும், நான்கு பக்கமும் காற்றும் கிடைக்கும் வீடு, எந்த அடுப்பு மேம்பாட்டுத் திட்டத்தையும்விடப் பெரிய சுகாதார நடவடிக்கை என்றே நான் கருதுகிறேன். ஆனால் வரைபடம் காஸ் அடுப்பின் மேடையை மட்டும் மனதில் வைத்து வரையப்பட்டால், குடும்பம் பின்பக்கம் தகரம் அடித்து ஒரு விறகடுப்படியைக் கட்டிக்கொள்ளும். அந்தத் தகரக் கொட்டகை பழைய இஸ்தோப்பைவிட நெருக்கமாகவே இருக்கும். இதைத் தவிர்க்க முதலில் அளவீடு வேண்டும். ஒரே தோட்டத்தில் புகைபோக்கி உள்ள காம்பரா, இல்லாத காம்பரா, புதிய வீடு, காஸும் விறகும் கலந்து எரிக்கும் வீடு என்று நான்கையும் தேர்ந்து, மாசியின் குளிரில் ஒரு வாரமும் ஆடி மழையில் ஒரு வாரமும் சிறிய அளவுக் கருவியைச் சமைப்பவரின் உடையிலேயே மாட்டி அளக்கலாம். கைப்பிடிக்குள் அடங்கும் அத்தகைய கருவிகள் இன்று ஒரு கைத்தொலைபேசியின் விலைக்குக் கிடைக்கின்றன. அந்த எண்கள் கையில் இருந்தால், அடுத்த ஆயிரம் வீடுகளின் வரைபடம் கைச்சாத்தாவதற்கு முன், சமையலறைச் சுவரின் எந்த மூலையில் புகைபோக்கி எழப்போகிறது, முகட்டுக்கு மேல் எத்தனை அடி போகப்போகிறது என்று அளவுகளோடு கேட்க முடியும்.